கிங்கோவுக்கு நிகரான தொன்மை: அருகி வரும் கேரளத்தின் ஈந்து மரம்

திருவனந்தபுரம்: டைனோசர்களுக்கும் முன்பே தோன்றி இன்றுவரை நீடிக்கும் விதைத் தாவர மரபுகளில் கிங்கோ, சைகஸ் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இரண்டின் வரலாறும் ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் காலம் வரை நீள்கிறது.

கிங்கோ வரிசைத் தாவரங்கள் ஒரு காலத்தில் இந்தியாவிலும் வளர்ந்தன. ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைப் பாறைகளில் அவற்றின் இலைப் படிவங்கள் கிடைத்துள்ளன. இன்று எஞ்சியிருப்பது சீனாவைத் தாயகமாகக் கொண்ட கிங்கோ பைலோபா என்ற ஒரே இனம்தான்.

ஆனால், சைகஸ் மரபு மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் உயிர்வாழ்கிறது. கேரளத்தில் 'ஈந்து' எனப்படும் சைகஸ் சர்சினாலிஸ், இந்தியாவுக்கு வெளியே இயற்கையாக வளர்வதில்லை. பனையைப் போலத் தோன்றினாலும் இது பனை இனம் அன்று. பூவோ கனியோ இல்லாமல், மூடப்படாத விதைகளைத் தருவது.

நீந்தும் ஆண் செல்கள்

கிங்கோவிலும் சைகஸிலும் ஆண் மரம், பெண் மரம் எனத் தனித்தனியே உண்டு. பெரும்பாலான விதைத் தாவரங்கள் இழந்துவிட்ட, நீந்திச் செல்லும் ஆண் இனச்செல்கள் இவற்றில் மட்டுமே எஞ்சியுள்ளன. இதனை 1896-ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர்கள் ஹிராசே, இக்கேனோ ஆகியோர் முறையே கிங்கோவிலும் சைகஸிலும் கண்டறிந்தனர்.

நூலிலும் உணவிலும்

வான் ரீட் தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலின் 1682-ஆம் ஆண்டு வெளியான 3-ஆவது தொகுதியில் ஈந்து இடம்பெற்றுள்ளது. கே.எஸ். மணிலால் செய்த அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது.

ஈந்து விதையில் சைகாசின் என்ற நச்சு உள்ளது. எனவே, விதைகளை வெட்டி உலர்த்தி, பலமுறை நீர் மாற்றி ஊறவைத்த பின்னரே வட கேரள மக்கள் மாவாக்கி உண்கின்றனர்.

அச்சுறுத்தல் ஏன்?

காடழிப்பு, அலங்காரத்துக்காக இலைகளை வெட்டுதல், விதை சேகரிப்பு ஆகியவற்றுடன் மருந்துக்காக ஆண் கூம்புகளை அறுப்பதும் இம்மரத்தைப் பாதிக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் 'மதனகாமப்பூ' என விற்கப்படுவது இக்கூம்பின் பகுதியே. ஆண் கூம்பு அகற்றப்பட்டால் மகரந்தம் கிடைக்காது; அருகில் பெண் மரம் இருந்தும் முளைக்கும் விதை உருவாகாது. மெதுவாக வளரும் இம்மரத்தின் இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் அபாயத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. சைகஸ் இனங்களின் பன்னாட்டு வணிகமும் சைட்டீஸ் உடன்படிக்கையின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் 1979-இல் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் சைகஸ் வகைகளை வளர்த்துப் பாதுகாக்கிறது. எனினும், ஆண், பெண் மரங்களும் மகரந்தம் சுமக்கும் வண்டுகளும் காட்டில் ஒன்றாக நிலைத்தால் மட்டுமே இந்தத் தொல்மரபு இயற்கையாகத் தொடர முடியும்.