வடசென்னையில் புலவர் அடக்கத்தலங்களும் நினைவு நாட்களும்

மீஞ்சூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் புறநகர் ரயில் அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வழியாகச் செல்கிறது. துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய்க் கிடங்கு, சரக்குப் பெட்டக லாரிகள் ஆகியவற்றால் அறியப்படும் பகுதி இது. இதே பாதையை ஒட்டித் தமிழ்ப் புலவர் இருவரின் அடக்கத்தலங்கள் உள்ளன. ஒன்று திருவொற்றியூர்க் கடலோரத்தில் உள்ள பட்டினத்தார் சமாதி. மற்றொன்று இராயபுரத்தில் உள்ள குணங்குடி மஸ்தான் சாகிபு தர்கா.

இருவருக்கும் ஆண்டுதோறும் நினைவு நாள் உண்டு. ஆனால் இரண்டு நாட்களுமே ஆங்கில நாட்காட்டியில் நிலையான தேதியில் வருவதில்லை. ஒருவரின் நாள் நட்சத்திரத்தைக் கொண்டும், மற்றவரின் நாள் ஹிஜ்ரி மாதத்தைக் கொண்டும் கணக்கிடப்படுகிறது. இறந்த தேதி துல்லியமாகத் தெரிந்த பிற்காலக் கலைஞர் பலருக்கு இப்படி ஒரு நாள் நிலைக்கவில்லை. அதற்கு முதற்காரணம் புகழின் ஏற்றத்தாழ்வு அன்று, அடக்க முறையே. தமிழ்நாட்டில் இந்துக்களில் பல சமூகத்தார் இறந்தோரை எரிப்பர். துறவியரை மட்டும் புதைத்துச் சமாதி எழுப்புவர். இஸ்லாமியரும் கிறித்தவரும் அடக்கம் செய்வர். ஆகவே ஒரு புலவரைத் தேடிச் செல்ல ஓர் இடம் இருக்குமா என்பது பெரும்பாலும் அவர் எழுதிய நூல்களைப் பொறுத்து அமைவதில்லை.

பட்டினத்தார்

காவிரிப்பூம்பட்டினத்தில் பெருவணிகக் குடும்பத்தில் பிறந்த திருவெண்காடர், செல்வத்தைத் துறந்து தலங்கள்தோறும் சுற்றி, இறுதியில் திருவொற்றியூரை அடைந்தார் என்பது மரபு வரலாறு. கையில் இருந்த பேய்க்கரும்பின் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முத்தி கிட்டும் என்ற குறிப்பும், கடற்கரையில் சிறுவர்களோடு விளையாடும்போது கூடையால் மூடச் சொல்லி இலிங்கமானார் என்ற கதையும் இவ்வூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. அவர் சித்தியடைந்த நாளாக ஆடி மாத உத்திராட நட்சத்திரம் கொள்ளப்படுகிறது. அன்று சமாதிக் கோயிலில் குருபூசை நடைபெறும்.

இலக்கிய வரலாற்றில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. பதினொன்றாம் திருமுறையில் பட்டினத்துப் பிள்ளையார் பெயரில் ஐந்து நூல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று ‘திருவொற்றியூர் ஒருபா ஒருபது’. மக்கள் நாவில் வழங்கும், நிலையாமையையும் சுடுகாட்டையும் பேசும் பாடல்கள் நடையிலும் சொல்லிலும் இவற்றினின்றும் வேறானவை. பல நூற்றாண்டு பிற்பட்டவை. எனவே பட்டினத்தார் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் இருந்தனர் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அப்படியானால் திருவொற்றியூரில் இருப்பது யாருடைய சமாதி? குருபூசைக்கு வருவோர் இக்கேள்வியைக் கேட்பதில்லை, கேட்கவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் மாணவர் கட்டுரை எழுதும்போது இருவரையும் ஒருவராக்கி ஒரே நூற்றாண்டில் நிறுத்திவிடக் கூடாது. ஆண்டு மறைந்துபோய், நட்சத்திரம் மட்டும் தங்கிய நினைவு நாள் இது.

1962இல் வெளிவந்த ‘பட்டினத்தார்’ திரைப்படத்தில் பாடகர் டி. எம். சௌந்தரராஜன் தாமே பட்டினத்தாராக நடித்தார். இன்று பலர் மனத்தில் உள்ள பட்டினத்தாரின் குரல் அவருடையது. அவர் 2013 மே 25 அன்று காலமானார்.

குணங்குடி மஸ்தான் சாகிபு

இராமநாதபுரம் பகுதியில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தவர். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் மார்க்கக் கல்வி பெற்று, இல்லறத்தை மறுத்துத் துறவு பூண்டு, பல இடங்களில் தவம் இயற்றியபின் சென்னை வந்து இராயபுரத்தில் தங்கினார். ‘மஸ்தான்’ என்ற பாரசீகச் சொல், இறைக் காதலில் தன்னை மறந்தவரைக் குறிக்கும். பராபரக்கண்ணி உள்ளிட்ட அவருடைய பாடல்களில் தாயுமானவரின் சாயல் உண்டு. சைவப் புலவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். மதம் கடந்த மதிப்பு என்று பொதுப்படக் கூறுவதைவிட, ஒரு சைவ வித்துவான் ஒரு சூபி ஞானியின்மேல் பிரபந்தம் பாடினார் என்ற இச்செய்தி மாணவருக்கு அதிகம் சொல்லும்.

ஹிஜ்ரி 1254இல், அதாவது 1838இல், மஸ்தான் சாகிபு மறைந்தார். வாழ்ந்த இடமான இராயபுரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்தது ஜமாதுல் அவ்வல் மாதம்; உரூஸ் அக்கணக்கையே பின்பற்றுவது.

தொண்டியிலிருந்து வந்ததால் அவரைத் ‘தொண்டியார்’ என்று அழைத்தனர், அதிலிருந்தே தண்டையார்பேட்டை என்ற ஊர்ப்பெயர் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருந்தாலும் காலக்கணக்கு இடிக்கிறது. 1693இல் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றுடன் தண்டையார்பேட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததாகச் சென்னை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அப்போது மஸ்தான் சாகிபு பிறக்கவே இல்லை. ஊர்ப்பெயரோடு ஒரு புலவரை இணைத்துப் பார்க்கும் ஆசை மக்களுக்கு இருந்தது என்பதற்கு வேண்டுமானால் இக்கதை நல்ல சான்று.

சமாதி இல்லாத நினைவு

திருவொற்றியூர் வடிவுடையம்மன்மேல் ‘வடிவுடை மாணிக்க மாலை’ பாடிய இராமலிங்க அடிகள் இளமையில் சென்னை ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்தவர். 1874 சனவரி 30 அன்று வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவடைத்துக்கொண்டார். அடக்கத்தலம் என்று ஒன்று அவருக்கு இல்லை. அந்த அறையே, சித்திவளாகம் என்ற பெயரில், தைப்பூசத்தை ஒட்டி மக்கள் தரிசிக்கும் இடமாயிற்று.

மணலியில் வள்ளல் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இளமையைக் கழித்த முத்துசுவாமி தீட்சிதருக்கு நினைவிடம் இருப்பது தொலைவில், எட்டயபுரத்தில். அங்கே 1835 தீபாவளி நாளில் அவர் மறைந்தார்.

அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் மறைந்தது சென்னையில். அவர் உடல் திருவல்லிக்கேணி கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் எரியூட்டப்பட்டது. உடன் சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பர். சமாதி இல்லாததால், அவர் வாழ்ந்த திருவல்லிக்கேணி வீடே பின்னாளில் நினைவு இல்லமானது. மறைந்த தேதியும் இரண்டாக வழங்குகிறது. 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்ததால் ஆங்கிலக் கணக்கில் அது 12ஆம் தேதி. ஆயினும் அரசு ‘மகாகவி நாள்’ என அறிவித்தது செப்டம்பர் 11ஐத்தான்.

நாடகத்தாரும் திரைக் கலைஞரும்

தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் எனப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். துறவு வாழ்க்கை வாழ்ந்த அவர் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடி வணங்குகின்றனர். அவர் எழுதிய நாடகங்களைப் பாடிப் பிழைத்த தொழிலாளர் மரபு ஒன்று தொடர்ந்ததே இதற்குக் காரணம்.

நகைச்சுவை நடிகர் ஜே. பி. சந்திரபாபு 1974 மார்ச் 8 அன்று காலமானார். கத்தோலிக்கரான அவருடைய கல்லறை சென்னை சாந்தோமை அடுத்த குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், கிறித்தவர்கள் தம் உறவினர் கல்லறைகளைக் கழுவிப் பூவிட்டு மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் இராயபுரம், காசிமேடு மக்களுக்கும் உரியது. தனிப்பட்ட நினைவு நாள் மறந்துபோன ஒருவருக்கும் அந்தப் பொது நாள் துணை நிற்கிறது.

ஒரு சமாதி மீட்கப்பட்ட கதை

திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரிமேல் ஐந்து கீர்த்தனைகள் பாடிய தியாகராசர், அவ்வூரைச் சேர்ந்த தம் மாணவர் வீணை குப்பையரின் அழைப்பில் இங்கு வந்தவர். 1847 சனவரி 6 அன்று, மறைவுக்குச் சற்றுமுன் துறவு மேற்கொண்டதால், திருவையாற்றில் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்விடம் பின்னர்க் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. அதை அறிந்து நிலத்தைப் பெற்றுத் தம் பொருளைச் செலவிட்டு 1925இல் கோயிலாக்கியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த அவருக்கும் பிற பெண்களுக்கும் அந்தச் சமாதி முன் நடந்த ஆராதனையில் பாட இடம் தரப்படவில்லை. கோயில் எழுப்பியவரே வெளியே நிற்க வேண்டிய நிலை. அவர் 1927இல் பெண்களுக்கென்று தனியே விழா நடத்தினார்; பின்னாளில் தனித்தனி விழாக்கள் ஒன்றாயின. 1952இல் மறைந்த அவருடைய சமாதி, தியாகராசர் சமாதிக்கு அருகிலேயே உள்ளது.

நாள் கணக்கிடும் முறை

பட்டினத்தார் குருபூசை சூலை நடுவிலிருந்து ஆகத்து நடுவரையுள்ள ஆடி மாதத்தில், பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டி வரும். பஞ்சாங்கத்தில் உத்திராட நட்சத்திரத்தைப் பார்த்து அறியலாம். மஸ்தான் சாகிபு உரூஸ் ஹிஜ்ரி ஆண்டின்படி அமைவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகரும். கோடையில் வந்த நாள் சில ஆண்டுகளில் மாசிக்குப் போகும். சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும்.