நனவிலி: ஒரு சொல் வந்த வழி

புது மருமகளைப் பெரியம்மா கூப்பிட்டார். வாயில் வந்ததோ கட்டிக்கொடுத்த மகளின் பெயர். மகள் வேற்றூருக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. "வாய் தவறி வந்துருச்சும்மா" என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தப் பிழையைத் தமிழ் வாயின் மேல் போடுகிறது. பேச்சில் வரும் இத்தகைய தடுமாற்றங்களை 1901-இல் ஆராய்ந்த வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் வாயைக் குற்றம் சொல்லவில்லை. நாம் அறியாமலே நமக்குள் நடக்கும் மனவேலைதான் அங்கே எட்டிப் பார்க்கிறது என்றார். அதற்கு அவர் கையாண்ட ஜெர்மன் சொல் 'உன்பெவுஸ்ட்'. அது அவர் படைத்த சொல் அல்ல; எடுவர்ட் ஃபொன் ஹார்ட்மன் 1869-இலேயே தம் தத்துவ நூலின் தலைப்பில் அதை வைத்திருந்தார். 'அறிதல்' என்ற வேரிலிருந்து கிளைத்த அச்சொல்லுக்கு 'அறியப்படாதது' என்று பொருள் கொள்ளலாம்.

தமிழில் அது 'நனவிலி' ஆயிற்று. இங்கே வேர் அறிதல் அல்ல, விழித்திருத்தல். நனவு என்றால் விழிப்பு, கனவின் மறுபக்கம். திருக்குறளின் 122-ஆம் அதிகாரமான 'கனவுநிலை உரைத்தல்' பெரிதும் இந்த இரட்டைச் சொற்களின் மேல்தான் நிற்கிறது. அதன் பத்துக் குறள்களில் ஏழில் நனவு வருகிறது. இன்றைய பேச்சில் அச்சொல் 'கனவு நனவானது' என்ற தொடரில்தான் பெரும்பாலும் உயிரோடிருக்கிறது. எண்ண ஓட்டத்தை அப்படியே எழுதும் உத்திக்கு 'நனவோடை' என்று பெயரிட்டு இலக்கியத் திறனாய்வு அதை மீட்டுக்கொண்டது. கனவுகளை வைத்தும் மனத்தை ஆராய்ந்த ஃப்ராய்டின் கோட்பாட்டுக்குக் கனவின் இணைச்சொல்லே பெயராக அமைந்தது நம் மொழிக்கு வாய்த்த பேறு.

ஆனாலும் இந்தச் சொல் மக்களிடம் சேரவில்லை. காரணம் அதன் விகுதியில் இருக்கிறது. அறிவிலி, நாணிலி, பெயரிலி என்று ஒன்று இல்லாதவரைச் சுட்டியே 'இலி' நமக்குப் பழக்கம். அதனால் நனவிலி என்றதும் ஏதோ குறைபாடு என்றோ, மருத்துவமனையில் சுயநினைவின்றிக் கிடப்பவரின் நிலை என்றோ தோன்றிவிடுகிறது. மயங்கிக் கிடப்பவர் வேறு. நனவிலி மனம் நாம் விழித்து, நடந்து, சிரித்துப் பேசும்போதும் ஓயாமல் வேலை செய்வது.

அந்த இடத்தை 'ஆழ்மனம்', 'அடிமனம்' என்ற சொற்கள் பிடித்துக்கொண்டன. கேட்டவுடன் புரியும் அழகிய சொற்கள். 'அடிமனசுல இருந்து சொல்றேன்' என்று சொல்லாதவர் யார்? ஆனால் அப்படிச் சொல்பவர் தமக்கு நன்றாகத் தெரிந்த, உறுதியான ஓர் உணர்வைத்தான் சொல்கிறார். தமக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்ல முடியும்? மேலும் இச்சொற்கள் மனத்தைக் கிணறாக்கி, அதன் அடியில் ஓர் அறை கட்டிவிடுகின்றன. 'அடியுணர்வு' என்று பொருள்படும் ஐரோப்பியச் சொல்லை ஃப்ராய்டும் 1926-இல் மறுத்தார். அது இடத்தைக் குறிக்கிறதா, இன்னொரு வகை உணர்வைக் குறிக்கிறதா என்று விளங்கவில்லை என்பது அவர் வாதம்.

எனவே, நெஞ்சார்ந்த பேச்சுக்கு அடிமனம் இருக்கட்டும். நமக்கே தெரியாமல் நம்மை நடத்துவதைப் பற்றி எழுதும்போது நனவிலி என்றே எழுதுவோம். அது இடத்தைச் சொல்லவில்லை; விழிப்புக்குப் பிடிபடாத தன்மையைச் சொல்கிறது.

அதே 'கனவுநிலை உரைத்தல்' அதிகாரத்தின் 1218-ஆம் குறளில் ஒரு தலைவி பேசுகிறாள். தூங்கும்போது காதலர் என் தோள்மேல் இருக்கிறார். விழித்ததும் விரைந்து நெஞ்சுக்குள் போய்விடுகிறார் என்கிறாள். வள்ளுவர் பாடியது பிரிவுத் துயரை, உளவியலை அல்ல. ஆனால் விழித்ததும் ஒருவர் எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பெரியம்மாவின் மகளும் வேற்றூருக்கு மட்டும் போகவில்லை.