நான்காம் வகுப்பும் நாடறிந்த கலைவாணரும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினோம். மெட்ரிகுலேஷன் தேறியதோடு பள்ளியை விட்டு நீங்கி, புகைவண்டி நிலையத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தவர் நாம். பட்டதாரிகள் பலர் வாழும் இக்காலனியில் வரலாறு எழுத நமக்குத் தகுதி உண்டோ என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தைப் போக்கியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவர் பள்ளியில் பயின்றது நான்காம் வகுப்பு வரைதான். மூத்தோர்க்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டா. தாய்நாட்டை விட்டு இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காகவே இதனை எழுதுகிறோம்.

1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் அவர் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தந்தை சுடலைமுத்துப் பிள்ளை; தாய் இசக்கியம்மாள். வீட்டில் வறுமை குடிகொண்டிருந்தது. டென்னிஸ் ஆடுவோருக்குப் பந்து பொறுக்கிப் போட்டும், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றும் அச்சிறுவர் நாலு காசு ஈட்டினார். தட்டு ஏந்திய கையோடு மேடையைப் பார்த்து நின்ற அந்தக் கொட்டகையே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. நாஞ்சில் நாட்டுக் கோவில் கொடைகளில் ஒலிக்கும் வில்லுப்பாட்டு மற்றோர் ஆசிரியர். பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து, நடிப்பையும் பாட்டையும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

நிற்க. தமிழ்ப் படத்தின் தொடக்க வரலாற்றில் நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்டது. அக்காலத்தில் தமிழ் நடிகர்கள் மூட்டை முடிச்சுகளோடு புகைவண்டி ஏறிப் பம்பாய்க்கும் புனாவுக்கும் கல்கத்தாவுக்கும் சென்று நடித்து வந்தனர். 1936இல் 'சதி லீலாவதி' வெளிவந்தது; எம். ஜி. ஆரும் நம் கலைவாணரும் அதில் நடித்தனர். அதே ஆண்டில் 'வசந்தசேனா' படத்துக்காகக் கலைவாணர் புனா சென்றார். அப்படத்தில் நடிக்க வந்த டி. ஏ. மதுரத்தை அங்கேயே மணந்துகொண்டார். தமிழகமே கொண்டாடிய அவ்விணையின் இல்லறம் மகாராஷ்டிர மண்ணில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.

அவர் வெறும் நடிகராக நின்றுவிடவில்லை. பிறர் எடுக்கும் படங்களுக்கு வேண்டிய நகைச்சுவைப் பகுதியைத் தாமே புனைந்து, தம் குழுவினரைக் கொண்டு தனியே உருவாக்கித் தரும் முறையைக் கையாண்டார். படம் எடுக்கும் தொழில் அவருக்கு இவ்வாறு கைவந்தது. 1951இல் 'மணமகள்', 1952இல் 'பணம்' ஆகிய படங்களைத் தாமே இயக்கினார். கல்லூரி வாயிலை மிதியாதவர் அவர். செய்து செய்தே கற்றவர்.

இடையில் பேரிடி ஒன்று விழுந்தது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், எம். கே. தியாகராஜ பாகவதருடன் அவரும் 1944இல் கைது செய்யப்பட்டார். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947இல் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிறையில் கழிந்தன. மற்றொருவராயின் மனம் கசந்திருப்பார். இவரோ வெளியே வந்து மீண்டும் மக்களைச் சிரிக்க வைத்தார். சிரிப்போடு சிந்திக்கவும் வைத்தார்.

அதற்குச் சான்று, அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதி 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி'. அதில் இடம்பெறும் 'கிந்தனார்' காலட்சேபத்தை முதலில் கேட்ட நாளை நாம் மறந்ததில்லை. நந்தனார் கதையை ஒட்டி அமைந்தது அது. நந்தனார் கோவிலுக்குப் போக ஏங்கினார். தாழ்த்தப்பட்ட சிறுவனாகிய கிந்தனோ படிக்க ஏங்குகிறான். புகைவண்டி ஏறிப் பட்டணம் சென்று, கற்று உயர்ந்து ஊர் திரும்புகிறான். சாதி பாராமல் எல்லாரையும் ஒரே இருக்கையில் அமர்த்திச் செல்லும் அந்த வண்டியைக் கலைவாணர் புகழ்ந்து பாடும்போது, புகைவண்டித் துறையில் உப்புத் தின்னும் நமக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இத்தனைக்கும் அவர் பிறந்த நாகர்கோவிலுக்கு அந்நாளில் புகைவண்டி கிடையாது! திருவனந்தபுரத்திலிருந்து அவ்வூர் வழியாகக் கன்னியாகுமரிக்கு வண்டி ஓடத் தொடங்கியது 1979இல். கலைவாணரோ 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாளே, 48 வயதில் மறைந்துவிட்டார். தம் ஊருக்கு வராத வண்டியை ஊருக்கெல்லாம் பாடியவர் அவர்.

வண்டியிலும் வகுப்புகள் உண்டே என்று அன்பர்கள் கேட்கலாம். உண்டு, மறுக்கவில்லை. காசுக்கேற்ற இருக்கை அங்கே இன்றும் இருக்கிறது. ஆயினும் முன்பதிவுப் படிவத்தில் பெயரையும் வயதையும் போகும் ஊரையும் எழுதுகிறோம். பிறந்த குலத்தை எழுதுவதில்லை. நாள்தோறும் அப்படிவங்களை வாங்கும் கை நம்முடையது. அக்கையால் ஒன்று எழுதத் துணிகிறோம். சென்ற ஆண்டு விழாவில் அதிகாரிகளின் குடும்பங்கள் முன்வரிசையில் அமர, தண்டவாளத்தில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் சுவரோரம் நின்றன. எவரும் அவ்வாறு நிற்கச் சொல்லவில்லை. ஆனால் வந்து உட்காருங்கள் என்று அழைக்கவும் எவரும் இல்லை. நாமும் அழைக்கவில்லை, நமக்குக் கிடைத்த நாற்காலியில் அமர்ந்திருந்தோம்.

நிற்கும் அக்கூட்டத்தில் கிந்தன் ஒருவன் இருக்கலாம். தின்பண்டத் தட்டோடு மேடையையே நோக்கும் கிருஷ்ணன் ஒருவனும் இருக்கலாம். யார் கண்டார்? இவ்வாண்டு விழாவில் அவர்களை முன்னே அழைத்து அமர்த்துவோம். அதுவே கலைவாணருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!