ஒரு துறைக்குள் அடங்காத படிப்பு: பம்பாய் மையத்தின் அரை நூற்றாண்டு

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்று மகளிரியல் துறை இருக்கிறது. முதுகலையும் முனைவர் பட்டமும் அங்கே படிக்கலாம். இந்தப் படிப்புக்கு இந்தியாவில் முதன்முதலில் இடம் ஒதுக்கியது பம்பாயின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம். 1974-ல் அங்கே தொடங்கிய ஆய்வு மையத்தின் கதையைச் சொல்லாமல் மகளிரியல் பற்றிய எந்த மலரும் நிறைவு பெறாது.

அந்தப் பல்கலைக்கழகத்தை 1916-ல் தொடங்கியவர் தோண்டோ கேசவ் கார்வே. கைம்பெண்களுக்குப் புணேயில் காப்பகம் நடத்தி, அங்கிருந்தே கல்விப் பணிக்கு வந்தவர். 1920-ல் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 லட்சம் ரூபாய் நன்கொடை அளிக்க, அவருடைய தாயார் நாதிபாயின் பெயர் பல்கலைக்கழகத்துக்குச் சூட்டப்பட்டது. பெண்களுக்கென்றே எழுந்த அந்த நிறுவனத்தில்கூட, பெண்களின் வாழ்வை ஆராய்வதற்கென ஒரு பிரிவு அமைய 58 ஆண்டுகள் ஆயின. பெண்கள் படிக்க வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டவர்களில் முன்னவர் சமூகவியல் பேராசிரியர் நீரா தேசாய். நவீன இந்தியாவில் பெண்களின் நிலை பற்றிய அவருடைய நூல் 1957-லேயே வந்துவிட்டது. ஆனால் நாட்டை உலுக்கியது, பெண்களின் நிலையை ஆராய 1971-ல் இந்திய அரசு அமைத்த குழுவின் அறிக்கைதான். அரசியல் அறிஞர் வீணா மஜும்தார் குழுவின் உறுப்பினர்-செயலர். சட்டப் பேராசிரியர் லோத்திகா சர்க்கார் உறுப்பினர். 1974 இறுதியில் முடிந்த அந்த அறிக்கை காட்டிய ஒரு கணக்கு போதும்: 1901-ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள், 1971-ல் 930. பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய தங்களுக்கே இது தெரியாமல் போனதே என்ற உறுத்தலை வீணா மஜும்தார் பிற்காலத்திலும் மறைக்கவில்லை. பம்பாய் மையம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். நீரா தேசாய் அதன் நிறுவன இயக்குநர்.

மையத்தின் வேலை தொடக்கத்திலேயே ஒரு துறையைத் தாண்டியது. தாண்டாமல் முடியாது. பெண் குழந்தை குறைவதை மக்கள்தொகைக் கணக்கு சொல்லும். ஏன் குறைகிறது என்று கேட்டால் சொத்துரிமைச் சட்டம், வரதட்சிணை, உறவுமுறை, மருத்துவம் எல்லாம் வந்து நிற்கும். உழைப்பைப் பற்றிய ஆய்வும் அப்படித்தான். 1970-களில் பொருளியல் அறிஞர் தேவகி ஜெயின், ராஜஸ்தான், மேற்கு வங்க ஊர்களில் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று பதிவு செய்ய வைத்தார். கணக்கெடுப்பில் ‘வேலை செய்யாதவர்’ என்று எழுதப்பட்ட பெண்கள் புல் அறுத்தார்கள், மாடு பார்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள், தண்ணீர் சுமந்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் ‘வீட்டில் சும்மாதான்’ என்று பதில் வரும் நாட்டில், கேள்வியையே மாற்ற வேண்டியிருந்தது. அந்த வழியில் 1998-99-ல் ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. 2019-ல் நாடு முழுவதும் எடுத்தபோது, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண் 97 நிமிடங்களும் செலவிடுவது தெரிந்தது. பொருளியலின் அடிப்படைக் கணக்கையே திருத்திய வேலை இது. மகளிரியலை ‘பெண்கள் பிரச்சினை’ என்று ஓரங்கட்டுபவர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

1981 ஏப்ரலில் முதல் தேசிய மகளிரியல் மாநாடு எஸ்.என்.டி.டி.யில் கூடியது. அதிலிருந்து இந்திய மகளிரியல் சங்கம் பிறந்தது. 1986-ன் தேசியக் கல்விக் கொள்கை மகளிரியலை ஏற்றது. பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் மையங்களுக்கு நிதி கொடுத்தது. 1988-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் பள்ளியைத் தொடங்கியவர் ஆங்கிலப் பேராசிரியர் ஜசோதரா பாக்சி.

தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு கிளையும் உண்டு. அம்பை என்று நாம் அறிந்த சி.எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் சேர்ந்து 1988-ல் பம்பாயில் ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பெண்களின் குரல்களும் படங்களும் கடிதங்களும் அங்கே சேர்ந்தன. வரலாற்று ஆய்வுக்கு அரசு ஆவணம் மட்டும் போதாது என்பதைச் செய்து காட்டிய இடம் அது. தமிழ் இலக்கிய மாணவர்கள் ஒருமுறையாவது அதைப் பார்த்துவர வேண்டும்.

பின்னர் படிப்பின் எல்லையும் விரிந்தது. ஆண்மை பற்றிய ஆய்வு வந்தது, திருநங்கைகள் வாழ்வு பாடமானது. 2008-ல் திருநங்கையர் நல வாரியம் அமைத்த தமிழ்நாட்டில் இந்த ஆய்வுக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

வேலைக்குக் குறைவில்லை, நிலையான இடத்துக்குத்தான் குறை. பல மையங்கள் ஐந்தாண்டுத் திட்ட நிதியை நம்பியே நடந்தன. 2017 மார்ச்சில் 12-ஆம் திட்டம் முடிந்தபோது அவை தொடருமா என்ற கவலை நாடு முழுக்க எழுந்தது. ஒப்பந்த ஆசிரியரை வைத்துக்கொண்டு பத்தாண்டு ஆய்வைத் திட்டமிட முடியாது. ஆகவே துணைவேந்தர்களுக்கும் ஆட்சிக்குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: மகளிரியல் துறைக்கு நிரந்தரப் பணியிடங்களைப் பல்கலைக்கழகத்தின் சொந்த வரவு செலவுத் திட்டத்திலேயே சேருங்கள், வணிகவியல், பொறியியல், சட்டம், மருத்துவம் படிக்கும் மாணவர்களும் அதன் ஒரு பாடத்தையாவது மதிப்பெண்ணுடன் எடுக்க வழி செய்யுங்கள்.