23 என்ற எண்ணும் ஒரு ஆசிரியரின் சம்பளமும்

1ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடுவது முதன்மை எண். பரீட்சைக்கு அது போதும். ஆனால் முதன்மை எண்களில் ஒரு வகைக்குத் தமிழர் ஒருவரின் பெயரே இருக்கிறது: பிள்ளை முதன்மை எண்கள்.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901இல் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்ற ஊரில் பிறந்தவர். (நம்மில் சிலரின் பூட்டன்மாரும் அந்தத் திருநெல்வேலிப் பக்கம்தான்.) சின்ன வயதிலேயே தாய் இல்லை. பள்ளிப் படிப்பு முடியும் முன் தந்தையும் காலமானார். படிப்பு அங்கேயே நின்றிருக்கும். சாஸ்திரியார் என்ற அவருடைய ஆசிரியர் தன் சொற்பச் சம்பளத்திலிருந்து கொடுத்துப் படிக்க வைத்தார். பிறகு புலமைப்பரிசில், நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னைப் பல்கலைக்கழகம் என்று போய், 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

இனி கணக்குக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். 7 ஒரு முதன்மை எண். அதற்கு ஒன்று குறைவாக, 1 முதல் 6 வரை பெருக்கினால் 720. ஒன்று கூட்டினால் 721. அது 7ஆல் மீதியின்றி வகுபடும். எந்த முதன்மை எண்ணுக்கும், எவ்வளவு பெரிதானாலும், இது பொருந்தும். ஆயிரம் வருடத்துக்கு முன்பே பஸ்ராவில் பிறந்த இப்னு ஹைதம் இதை அறிந்திருந்தார். இன்று அதற்கு வில்சன் என்ற ஆங்கிலேயரின் பெயர். அது வேறு கதை.

பிள்ளை அதை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். 1 முதல் 5 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 121, அதாவது 11×11. 11இல் ஒன்றைக் கழித்தால் 10, அது 5ஆல் வகுபடும். 7 வரை பெருக்கினால் 5041, அதாவது 71×71. 70ஐ 7ஆல் வகுக்கலாம். எப்போதும் இப்படித்தானா? ஏழு வரை ஒழுங்காக வரும். எட்டில் உடைகிறது: 40321 = 61×661. 60ஐ 8ஆல் வகுத்தால் மீதி வரும். இப்படி ஒழுங்கை உடைக்கும் முதன்மை எண்களுக்குத்தான் அவர் பெயர். அவற்றில் மிகச் சிறியது 23. அவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று பிறகு நிறுவினார்கள்.

எந்த இயற்கை எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று நிறுவியவரும் அவரே. 1950 ஆகஸ்ட் 31இல், அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், எகிப்தில் விமானம் விழுந்து இறந்தார். வயது 49.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்த மாணவர்கள் பஸ் காசுக்கும் ரியூசன் காசுக்கும் வழியில்லாமல் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார்கள். உங்கள் லயத்திலோ டிவிசனிலோ அப்படி யாராவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து பார்க்கிறோம். 14 வரை பெருக்கி, ஒன்று கூட்டி, 23ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லி அவர்களிடம் கொடுங்கள். விடை 3,790,360,487.