பால்: தேநீருக்கு நிறமா, உடலுக்கு உணவா?

பால் ஒரு நிறையுணவு என்று பாடசாலையில் மனனம் செய்த தலைமுறை எம்முடையது. அக்கூற்று முற்றிலும் பிழையானதன்று. முற்றிலும் சரியானதும் அன்று. பசுப்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் நீரே. எஞ்சியதில் புரதம், கொழுப்பு, பால்வெல்லம் ஆகியவற்றுடன் கனியுப்புகளும் விற்றமின்களும் அடங்கியுள்ளன. 100 மில்லிலீற்றர் பாலில் மூன்று கிராமுக்குச் சற்றுக் கூடுதலான புரதமும் சுமார் 120 மில்லிகிராம் கல்சியமும் உண்டு.

சோற்றைப் பிரதான உணவாகக் கொண்ட எமக்குப் பாற்புரதம் பெரிதும் பயன் தருவது. அரிசியில் குறைவாகவுள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பாலில் தாராளமாக உள்ளது. மச்சம், மாமிசம் தவிர்த்துச் சைவ போசனம் மட்டுமே உண்போருக்கு விற்றமின் பீ 12 கிடைக்கும் முக்கிய வழியும் பாலும் தயிருமே. எனினும் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. விற்றமின் சீயும் அவ்வாறே. நார்ப்பொருள் அறவே இல்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தில் பசுப்பாலை வைக்கலாகாது என்பதற்கு இந்த இரும்புக் குறைவும் ஒரு காரணமாகும்.

இத்தனை சிறப்புள்ள பால் எமது வீடுகளில் எந்த வடிவில் அருந்தப்படுகின்றது? பெரும்பாலும் தேநீரின் கறுப்பை மாற்றும் பொருளாகவே. சிறிது கணக்குப் பார்ப்போம். ஒரு குவளைப் பால், அதாவது 200 மில்லிலீற்றர், தயாரிக்க ஏறத்தாழ 25 கிராம் பால்மா வேண்டும். குவித்த இரண்டு தேக்கரண்டி பால்மா சுமார் 10 கிராம். அதில் கிடைப்பது இரண்டரைக் கிராம் புரதமும் 90 மில்லிகிராம் அளவிலான கல்சியமுமே. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அளவில் கல்சியம் தேவைப்படுகின்றது. பல வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு தேக்கரண்டி கூட இடப்படுவதில்லை. சீனி மட்டும் குறைவதில்லை. போதாக்குறைக்கு, உணவுடன் சேர்த்து அருந்தும் தேநீர், சோறு கறியிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதையும் தடுக்கின்றது. "பிள்ளை காலையும் மாலையும் பால் குடிக்கிறது" என்று தாய்மார் கூறும்போது, அது பாலா, பால் தேநீரா என்று கேட்டறிய வேண்டியுள்ளது.

பால்மாவைப் பழிப்பது எமது நோக்கமன்று. நீரை அகற்றிய பாலே பால்மா; புரதமும் கல்சியமும் அதில் பெரும்பாலும் அவ்வாறே இருக்கும். ஏறக்குறையப் பாதி சீனியாகவுள்ள டின்பாலுடன் அதனை ஒப்பிடவே கூடாது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. உள்நாட்டுப் பாலுற்பத்தி நாட்டின் தேவையில் பாதியைக்கூட எட்டாத நிலையில், 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின்னர் இறக்குமதிப் பால்மா எமது சமையலறைகளில் நிலையான இடத்தைப் பிடித்தது. டொலர் தட்டுப்பாடு வந்தபோது அதன் விலை தெரிந்தது. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் 400 கிராம் பைக்கற் 480 ரூபாவானது. 2022 மார்ச்சில் 790 ரூபாவானது. தேநீர்க் கடைகளில் ஒரு கோப்பை பால் தேநீர் 100 ரூபாவுக்கு ஏறியதும் அப்போதுதான். வசதி குறைந்த வீடுகளில் பிள்ளைகளின் கோப்பையில் முதலில் குறைந்தது பால்மாவே. நெத்தலி, குரக்கன், எள், முருங்கையிலை ஆகியவற்றிலும் கல்சியம் உண்டென்பது அந்நாட்களில் பலருக்கு நினைவுக்கு வந்தது. நெத்தலியை முள்ளோடு உண்ண வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பால் அருந்தினால் வயிறு ஊதுகின்றது என்று முறையிடுவோர் எம்மிடையே பலர். பால்வெல்லத்தைச் செரிக்கும் நொதியம் வளர்ந்தோரிடம் குறைந்து போவதே இதற்குக் காரணம். தென்னாசியரிடையே இது சாதாரணமானது. இத்தகையோருக்குத் தயிர் உகந்தது. உறையும்போதே பால்வெல்லத்தின் ஒரு பகுதி இலக்ரிக் அமிலமாக மாறிவிடுகின்றது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் தமிழரும் முஸ்லிம்களும் மண் சட்டிகளில் உறைய வைக்கும் எருமைத் தயிர், புரதத்திலும் கல்சியத்திலும் பசுப்பால் தயிரை விஞ்சும். கொழுப்பும் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் இருதய நோயாளர் அளவறிந்து உண்ண வேண்டும். அதன்மேல் ஊற்றும் பாணியையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பது நல்லது.

அந்தத் தயிருக்குரிய பால் மேய்ச்சல் தரையிலிருந்து வருகின்றது. மட்டக்களப்பில் பெரும்போக நெல் விதைப்புத் தொடங்கியதும் வயல்களில் மாடுகளை விட முடியாது. ஆதலால் பண்ணையாளர்கள் அவற்றை மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளுக்கு ஓட்டிச் செல்வர்; அறுவடை முடிந்த பின்னரே மந்தைகள் திரும்பும். அத்தரையில் வெளியார் பயிர்ச்செய்கை மேற்கொள்வதாகக் கூறி அவர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் இறங்கினர். புல் குறைந்தால் கறவை குறையும். அந்தக் குறையை நிரப்ப வருவது மீண்டும் கப்பலில் வரும் பால்மாவே.