காட்டைப் படிக்க வந்தவர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இரும்புலியூர் ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் ஒரு பிள்ளை, ஒரு அம்மா, கையில் மார்க் ஷீட். அப்படி ஒரு கடையில் எங்கள் தெருப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணா, பி.எஸ்சி. வனவியல் போடலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா முந்திக்கொண்டார். "காட்டுல போய் என்னடி பண்ணப்போற? படிச்சா வேலை இருக்கா, அத முதல்ல கேளு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த அம்மா கேட்டது சிரிக்கிற கேள்வி அல்ல. இந்தியாவில் வனக்கல்விக்கு யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், ஏன் வரவில்லை என்ற கதை முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

ஆரம்பத்தில் காட்டைப் படித்தவர்கள் டாக்டர்கள். 1855இல் சென்னையில் விலங்குக் காட்சிசாலை தொடங்கிய எட்வர்ட் பால்ஃபர் ஒரு ராணுவ மருத்துவர். மரங்களுக்கும் மழைக்கும் என்ன உறவு என்று 1840களிலேயே எழுதியவர். அந்தக் காட்சிசாலைதான் இடம் மாறி 1985இல் நம் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலர் ஆன ஹியூ கிளெக்ஹார்னும் மருத்துவர்தான். மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். அதே 1856இல்தான் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் போடவும் மரம் வேண்டும், என்ஜினில் எரிக்கவும் மரம் வேண்டும். காடு வேகமாகக் கரைந்தது. அதைக் கணக்குப் பார்த்து வெட்ட ஆள் தேவைப்பட்டது.

1864இல் இந்தியக் காடுகளின் தலைமை அதிகாரி ஆன ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸ், அந்த ஆட்களை உருவாக்க இரண்டு வழி போட்டார். அதிகாரிகளாக வரப்போகும் ஆங்கிலேய இளைஞர்கள் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போய்ப் படித்தார்கள். பிறகு இங்கிலாந்திலேயே படித்தார்கள். இந்தியர்களுக்கு 1878இல் டேராடூனில் ஒரு பள்ளி. அங்கே படித்தால் ரேஞ்சர் ஆகலாம். யார் எந்த வகுப்பில் உட்காரலாம் என்பதைத் தோலின் நிறம் முடிவு செய்த காலம் அது.

1912இல் கோயம்புத்தூரில் சென்னை வனக்கல்லூரி தொடங்கியது. அங்கே மாணவர் சேர்க்கை என்பது நாம் இன்று நினைக்கிற மாதிரி இல்லை. 'எனக்குக் காடு பிடிக்கும்' என்று யாரும் அப்ளிகேஷன் போட்டுச் சேர முடியாது. பணிக்குத் தேர்வான ஆட்களை அரசு அனுப்பும். அவர்கள் படித்துவிட்டுத் துறைக்குத் திரும்புவார்கள். எத்தனை பணியிடமோ அத்தனை மாணவர். 1939இல் அந்தக் கல்லூரி மூடப்பட்டது. 1945இல் மறுபடி திறந்தது.

1966இல் இந்திய வனப்பணி மீண்டும் உருவானது. பெண்கள் அதற்குள் நுழைய இன்னும் பல வருடம் ஆனது: 1980இல் முதல் மூன்று பெண்கள். பால்ஃபர் தொடங்கிய காலத்திலிருந்து நூறு வருடத்துக்கு மேல், காட்டைப் பற்றிய படிப்பு என்றால் அது ஆண்களின் படிப்பு.

உண்மையான திருப்பம் 1980களின் நடுவில் வந்தது. வேளாண் பல்கலைக்கழகங்கள் வனவியலில் இளநிலைப் பட்டம் தர ஆரம்பித்தன. தமிழ்நாட்டில் அந்தப் படிப்பின் வீடு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி. பிளஸ் டூ முடித்த யாரும், ஆணோ பெண்ணோ, விண்ணப்பித்து உள்ளே போகலாம். ஆனால் பழைய கயிறு ஒன்று அறுந்துபோனது. கோயம்புத்தூரில் படித்தவருக்கு வேலை முதலில், படிப்பு பிறகு. மேட்டுப்பாளையத்தில் படிப்பு முதலில். வேலை வந்தால் வரும்.

வனப்பணித் தேர்வை வனவியல் படித்தவர் மட்டும் எழுதுவதில்லை. இன்ஜினியர் எழுதலாம், இயற்பியல் படித்தவர் எழுதலாம், கால்நடை மருத்துவம் படித்தவரும் எழுதலாம். ரேஞ்சர் வேலையில் எங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று மேட்டுப்பாளையம் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடியிருக்கிறார்கள். நாலு வருடம் மண்ணையும் மரத்தையும் படித்தவர்களின் கோபம் அது. 'காட்டு வேலைக்குப் பலவகை அறிவும் தேவை' என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் அவர்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்காது.

இதற்கிடையில் காட்டின் வேலையே மாறிவிட்டது. 1988 வனக்கொள்கை, மரம் வெட்டி வருமானம் பார்ப்பதைப் பின்னுக்குத் தள்ளி, காட்டைக் காப்பதை முன்னுக்குக் கொண்டுவந்தது. 1996இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளத்தை இன்னும் இறுக்கியது. இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1900இல் வனவியல் பள்ளியாகத் தொடங்கிய யேல் பல்கலைக்கழகப் பள்ளி, 1972இல் பெயரில் சுற்றுச்சூழலைச் சேர்த்துக்கொண்டது. 2020இல் 'வனவியல்' என்ற சொல்லையே பெயரிலிருந்து எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குக் காட்டின் மேல் ஆசை குறையவில்லை. மரத்தைக் கன அடியில் அளக்கிற பழைய படிப்பின் மேல்தான் குறைந்தது.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்ல முடியுமா? பின்னால் வரிசை நின்றது. சுருக்கமாகச் சொன்னேன். "போடு. ஆனா இந்தப் பட்டம் வாங்கினா வனத்துறை வேலை தானா வந்துடும்னு நினைச்சுப் போடாத. சவுக்கு, மலைவேம்பு, தைலமரம்னு பேப்பர் மில்லுக்கும் தீப்பெட்டிக்கும் விவசாயிங்க மரம் வளர்க்கிறாங்க. அங்கயும் வேலை இருக்கு. ஆராய்ச்சி இருக்கு. தேர்வு எழுதணும்னா முதல் வருஷத்துலயே ஆரம்பிச்சிடு."

அம்மாவுக்கு முழுத் திருப்தி இல்லை. "வண்டலூர்ல போஸ்டிங் கிடைச்சா வீட்டுலேர்ந்தே போய்ட்டு வருவா" என்றார், பாதி எனக்கு, பாதி அவருக்கே. பெண் அதைக் காதில் வாங்கவில்லை. கடைக்காரரிடம் திரும்பி, "அண்ணா, வனவியலை முதல்ல போடுங்க" என்றாள்.